ஆஸ்பெர்கர் இயல்புடையோரை அறிந்து கொள்வோம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் இம்மேடையில் கல்வி உதவித்தொகை, மாணவர் தேர்ச்சி, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்தே கல்விக் குழு பேசி வந்துள்ளது. இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக் கொண்டோம். அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு பிழை. அதை மறைத்துவிட்டு இவ்வுரையைத் தொடங்குவது முறையாகாது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் இசைவுடன், பெயரைத் தவிர்த்து அதனை முதலில் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது காலை மக்தபில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓதி வந்தான். தந்தை சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவர். சிறுவனுக்கு அபார நினைவாற்றல். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, அத்திப்பள்ளி செல்லும் பேருந்துகளின் நேரங்களை வரிசை பிறழாமல் ஒப்பிப்பான். ஆனால் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். ஒலிபெருக்கி முழங்கினால் காதுகளைப் பொத்திக் கொண்டு கீழே அமர்ந்து விடுவான். பாங்கு இரண்டு நிமிடம் பிந்தியது என்று பெரியவர்கள் கூடியிருக்கும்போதே எழுந்து நின்று அறிவிப்பான். மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர் வாங்கினான்.

ஒரு விடுமுறை நாளில் வகுப்பில் ஏதோ குறுக்கிட்டுப் பேசியதற்காக, "நான் கூப்பிடும் வரை வெளியே நில்" என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் வேறு வேலையில் மறந்து விட்டார். மக்தப் முடிந்து மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பினர். அவன் மட்டும் வெயிலில் நின்றான். வீட்டுக்குப் போகச் சொன்னவர்களுக்கும் அவன் அசைந்து கொடுக்கவில்லை. ளுஹர் தொழுகைக்கு வந்தவர்கள்தாம் தாயை அழைத்து வந்தனர். இவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையை வைத்துக் கொள்ள முடியாது என்று கல்விக் குழுவினராகிய நாங்கள் தீர்மானித்து, அவனை மக்தபிலிருந்து நிறுத்தினோம்.

மூன்றாண்டுகள் கழித்துத் தந்தை ஒரு மருத்துவ அறிக்கையுடன் எங்களிடம் வந்தார். பெங்களூரில் பரிசோதித்ததில் பிள்ளைக்கு ஆட்டிசம் வகையைச் சேர்ந்த, முன்பு ஆஸ்பெர்கர் என்று அழைக்கப்பட்ட இயல்பு இருப்பது தெரிய வந்ததாம். "அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. கூப்பிடும் வரை நிற்கச் சொன்னீர்கள்; நீங்கள் கூப்பிடவில்லை; நின்றான்" என்றார். சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்த ஒரு பிள்ளையை, கீழ்ப்படியாதவன் என்று கூறி வெளியேற்றியிருந்தோம். அந்த வெட்கத்தின் விளைவே இவ்வுரை.

பெயரும் வரலாறும்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பணிபுரிந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்னும் குழந்தை மருத்துவர், 1944-இல் நான்கு சிறுவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாகப் பேசத் தெரிந்தும் பிறருடன் பழகத் தெரியாத, ஏதேனும் ஒரு துறையில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட பிள்ளைகள் அவர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1943-இல், அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் பற்றி எழுதியிருந்தார். இவ்விருவருக்கும் முன்பே, 1920-களில், குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் சோவியத் நாட்டில் இத்தகைய பிள்ளைகளை விவரித்திருந்தார். 1981-இல் இங்கிலாந்தின் லோர்னா விங் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகே ஆஸ்பெர்கர் என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. அவரும் ஆட்டிசம் உடைய ஒரு மகளின் தாயே.

1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற இப்பெயர், 2013-இல் நீக்கப்பட்டது. இயல்பு இல்லாமற் போய்விட்டது என்பது அதன் பொருளன்று. எல்லாம் ஒரே நிறமாலையின் வெவ்வேறு சாயல்களே என்று கண்டு, ஆட்டிசம் நிறமாலை என்ற ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டு வந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடும் 2022 முதல் இதையே பின்பற்றுகிறது. மற்றொரு காரணத்தாலும் பலர் இப்பெயரைத் தவிர்க்கின்றனர். நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட வியன்னா மருத்துவமனைக்குச் சில குழந்தைகளை அனுப்பியதில் ஆஸ்பெர்கருக்குப் பங்கிருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு ஆவணங்களுடன் எடுத்துக் காட்டியது. எனினும் பழைய அறிக்கைகளில் இப்பெயரே இருப்பதாலும், பலர் இதனாலேயே தம்மை அறிந்திருப்பதாலும் இங்கு இதைப் பயன்படுத்துகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2021-இல் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர். அந்தக் கணக்கை அப்படியே பொருத்தினால், இரண்டாயிரம் பேர் கொண்ட ஒரு ஜமாஅத்தில் ஏறத்தாழப் பதினாறு பேர் இருப்பர். நமக்கு ஒருவரைத் தெரியுமென்றால், மற்றவர்கள் பெயரின்றி நம் நடுவே வாழ்கின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

பொதுவாகக் காணப்படும் இயல்புகள்

ஆஸ்பெர்கர் இயல்புடையோர்க்குப் பேச்சு வருவதில் பெரிதும் தாமதம் இருப்பதில்லை. அறிவு வளர்ச்சியிலும் குறை இருப்பதில்லை. இதனாலேயே பெற்றோரும் ஆசிரியரும் நெடுங்காலம் கண்டறிவதில்லை.

இவர்கள் சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்வர். "என் தலையைத் தின்னாதே" என்று சொன்னால் திகைப்பர். கேலி, குத்தல், சாடை ஆகியவை எளிதில் புரிவதில்லை. நாம் வாயால் பாதியும் முகத்தால் மீதியும் பேசுகிறோம். அந்த மீதி இவர்களைச் சென்று சேர்வதில்லை. சில பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் புத்தகத் தமிழிலேயே பேசக் காண்கிறோம். பிறர் சிரிப்பதற்கான காரணம் அவர்களுக்கு விளங்குவதில்லை.

பார்வையைச் சந்திப்பது பலருக்கு வேதனை தருவது. தமக்குப் பிடித்த பொருளைப் பற்றி, கேட்பவர் சலித்துவிட்டதை உணராமல் பேசிக் கொண்டே இருப்பர். அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்குவர். பள்ளி வேன் ஒருநாள் மாற்று வழியில் சென்றாலே அன்றைய பொழுது குலைந்து விடும்.

புலன்களின் கூர்மையும் இதில் அடங்கும். தொழிற்சாலைச் சங்கு, ஒலிபெருக்கி, அத்தர் மணம், திருமணக் கூடத்தின் இரைச்சல், சஃப்பில் தோளோடு தோள் உரசுதல் என நமக்குப் பொருட்டாகத் தோன்றாதவை இவர்களைத் தாக்கக்கூடும். தமிழக அரசின் ஆவணங்கள் ஆட்டிசத்தைப் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று குறிப்பிட்டு வந்துள்ளன. உண்மையோ பலரிடம் இதற்கு நேர்மாறானது. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே புகுவதாலேயே அவர்கள் காதைப் பொத்திக் கொண்டு ஒதுங்குகின்றனர்.

பெண் பிள்ளைகளிடம் இவ்வியல்பு இன்னும் மறைவாக இருக்கும். பிறரைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளிப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள். அமைதியான பெண், அடக்கமான பெண் என்று நாமும் பாராட்டி விடுகிறோம். நாள் முழுதும் நடித்த களைப்பில் அறைக்குள் அழுவதை எவரும் அறிவதில்லை.

2010-இல் வெளியான 'மை நேம் இஸ் கான்' என்ற இந்தித் திரைப்படத்தின் நாயகன் ரிஸ்வான் கான் இவ்வியல்புடையவராகக் காட்டப்பட்டார். நம் இளைஞர் பலர் இப்பெயரை அங்குதான் முதலில் கேட்டிருப்பர். திரையில் கண்டவருக்காகக் கண்ணீர் விட்ட நாம், பக்கத்து வீட்டில் இருப்பவரைக் கிறுக்கன் என்று அழைப்பது எவ்வாறு நியாயமாகும்?

தவறான எண்ணங்கள்

முதலாவது, இது வளர்ப்புக் கோளாறு என்பது. தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தை ஒரு காலத்தில் மேலை நாட்டு அறிஞர்களே பரப்பினர். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் எண்ணற்ற தாய்மாரைக் குற்றவாளிகளாக்கியது. அக்கருத்து பின்னர் முற்றிலும் கைவிடப்பட்டது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு பிறப்பிலேயே அமைவது; மரபுக் கூறுகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் நம் வீடுகளில் மாமியாரும் நாத்தனாரும் மருமகளைக் குறை கூறும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பிள்ளையின் இயல்பைக் காரணம் காட்டி மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய வழக்குகள் ஜமாஅத்தின் முன் வருமானால், இவ்வுண்மையை நினைவில் கொண்டு தீர்ப்புக் கூறுமாறு பெரியோர்களை வேண்டுகிறோம்.

இரண்டாவது, பல மொழிகள் கலந்து பிள்ளை குழம்பி விட்டது என்பது. நம் எல்லைப் பகுதியில் இது மிகுதியாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் உருது, தெருவில் தமிழ், அண்டை வீட்டில் தெலுங்கு, பேருந்தில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் ஊர் நம்முடையது. பல மொழிகள் கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை, இருப்பது கூடுவதுமில்லை. இதை நம்பித் தாய்மொழியை நிறுத்திவிட்டு, தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேசும் பெற்றோர், அதன் நெருக்கமான உறவுமொழியைப் பறிக்கின்றனர். பாட்டியின் உருதுவைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தடுப்பூசியால் வருகிறது என்பது. 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த அச்சம் இது. அக்கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என உறுதி செய்தது. 2017 பிப்ரவரியில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம்கள் ஒருசேர நடந்தபோது கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நாம் மறக்கவில்லை. வதந்தியை நம்பி ஊசியைத் தவிர்த்தால் ஆட்டிசம் தவிராது. தட்டம்மை மட்டும் வந்து சேரும்.

நான்காவது, ஜின் தீண்டியது, செய்வினை என்பது. இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். மறைவானவற்றின் மீதான நம்பிக்கையை நாம் இங்கு விவாதிக்கவில்லை. பிள்ளைக்காகத் துஆச் செய்வதையும் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் செல்ல வேண்டிய ஆண்டுகளைத் தாயத்திலும் தகட்டிலும் கழிப்பதையும், அடிப்பதையும், கட்டி வைப்பதையும் மறுக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாமல் கருகினர். மொத்தம் 28 உயிர்கள் போயின. அவர்கள் வேறு நோய்களுக்காகக் கொண்டு வரப்பட்டவர்கள். ஆட்டிசம் மனநோயும் அன்று. எனினும் புரியாத நடத்தையைக் கண்டதும் சங்கிலியைத் தேடும் மனப்போக்கு ஒன்றே. அதன் விலையை நம் மண் ஒருமுறை கொடுத்து விட்டது.

ஐந்தாவது, இவர்களுக்குப் பாசமில்லை என்பது. பாசம் உண்டு, அது வெளிப்படும் வழியே வேறு. தாய் அழும்போது கட்டியணைக்காத பிள்ளை, அவர் மருந்து உண்ணும் நேரத்தை ஒரு நாளும் மறவாமல் சொல்லிக் கொண்டிருக்கலாம். தாமே ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உடையவர் நம்மைப் புரிந்து கொள்ளத் தவறுவதைப் போலவே, நாமும் அவரைப் புரிந்து கொள்ளத் தவறுகிறோம். குறை இருபுறமும் உள்ளது என்பதே அது. எங்கள் மக்தபில் நடந்ததை எண்ணிப் பார்க்கும்போது இக்கூற்றின் உண்மை விளங்குகிறது.

ஆறாவது, இவர்கள் அனைவரும் மேதைகள் என்பது. இதுவும் ஒரு சுமையே. சிலருக்குக் கணக்கிலோ இயந்திரங்களிலோ தனித்திறன் இருக்கும். பலர் நம்மைப் போன்ற சராசரியினர். மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பது மதிப்பாகாது.

ஏழாவது, ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகி விடும் என்பது. ஆஸ்பெர்கர் இயல்பு திருமணத்திற்குத் தடையன்று. நல்ல கணவராகவும் மனைவியாகவும் வாழ்வோர் பலர் உள்ளனர். ஆனால் மறைத்துச் செய்யும் நிக்காஹ் இரு குடும்பங்களையும் வருத்தும். பெண் வீட்டாரிடம் உண்மையைக் கூறி, அவர்கள் மனமொப்பி வந்தால், ஒருவரையொருவர் அறிந்து தொடங்கும் வாழ்வு நிலைக்கும். மணமுறிவு கோரி வரும் தம்பதியரிடையே, கணவர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை, விருந்தினர் முன் என் சமையலைக் குறை கூறினார் என்ற முறையீடுகள் எழும்போது, அது ஆணவமா அல்லது அறியாமலே வெளிப்படும் இயல்பா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தல் நலம்.

அரசு வழங்கும் உரிமைகள்

1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டமே அதை முதலில் ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம் உட்பட 21 வகைகளை அங்கீகரித்து 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில், ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலிய பிரிவினருக்கென 1 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் கோரலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஓராண்டில் ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. எங்களுக்குப் பின் இப்பிள்ளைக்கு யார் என்று ஏங்கும் பெற்றோர், தேவைப்படும் நேர்வுகளில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கோரவும் வழி உண்டு.

நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெங்களூருக்குச் சென்று பரிசோதித்து அறிக்கை பெறுகின்றனர். நிமான்ஸ் போன்ற பெரிய நிறுவனம் நாற்பது கிலோமீட்டர் அளவில் இருப்பது நமக்குப் பெரும் வசதியே. ஆனால் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டி விடுகின்றனர். அரசு நியமித்த மருத்துவ அலுவலரின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இன்றி மேற்கண்ட உரிமைகளைப் பெற இயலாது. கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுதல் வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஊருக்கு ஏற்கெனவே தெரியும், தவறாகத் தெரியும்.

வேலைவாய்ப்பிலும் வழிகள் திறந்து வருகின்றன. மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. தன் பெங்களூர்க் கிளையில் முன்னோட்டம் நடத்திய பின், ஆட்டிசம் உடையோரைப் பணியமர்த்தும் திட்டத்தை 2013-இல் உலக அளவில் அறிவித்தது. நம் ஊர்த் தொழிற்கூடங்களில் மேற்பார்வையாளர்களாக இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய தொழிலாளர் உங்களிடம் இருந்தால் கட்டளைகளை எழுத்தில், தெளிவாக, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஷிப்டு மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். இதற்குப் பணச் செலவு எதுவுமில்லை.

ஜமாஅத் செய்யக்கூடியவை

கல்விக் குழு ஐந்து பரிந்துரைகளை நிர்வாகத்தின் முன் வைக்கிறது. மக்தப் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கொரு நாள் இது குறித்துப் பயிற்சி அளித்தல். எந்தப் பிள்ளையையும் நடத்தையைக் காரணம் காட்டி நிறுத்துமுன், பெற்றோரை அழைத்துப் பேசி, மருத்துவ ஆலோசனைக்கு வழிகாட்டுதல். பள்ளிவாசலில் ஒலிபெருக்கிக்கு அப்பால், சஃப்பின் ஓரத்தில் இத்தகையோர் நிற்க இடம் விடுதல். சான்றிதழ், அடையாள அட்டை பெற விண்ணப்பம் எழுதிக் கொடுக்க இரு தன்னார்வலர்களை நியமித்தல். கிறுக்கன், அரை லூசு முதலிய சொற்களை நம் பிள்ளைகளின் நாவிலிருந்து அகற்றுதல். ஐந்தாவதைச் செய்யப் பொதுக்குழுத் தீர்மானம் தேவையில்லை. இன்றே வீட்டில் தொடங்கலாம்.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் அவர்களைப் பாங்கு சொல்பவராகவும், மதீனாவின் பொறுப்பாளராகவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அமர்த்தியதை நாம் அறிவோம். குறையைக் கண்டு ஒதுக்காமல் பொறுப்பைக் கொடுத்துச் சேர்த்துக் கொண்ட முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது.

இறுதியாக, தொடக்கத்தில் கூறிய அச்சிறுவனைப் பற்றி. நாங்கள் அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். தாய் அழுதார். அவரோ எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "இப்போது கூப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். மறுநாள் சரியான நேரத்திற்கு வந்தார். இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறார். இன்று காலை இங்கு வாசிக்கப்பட்ட வரவு செலவு அறிக்கையைச் சரிபார்த்துக் கொடுத்தவரும் அவரே. கூட்டலில் ஒரு பிழை இருப்பதைப் பொருளாளரின் முன்னிலையில், சற்றும் தயங்காமல் சுட்டிக் காட்டினார். பொருளாளர் நன்றி சொல்லித் திருத்திக் கொண்டார்.